கதவுக்குப் பின்னால் நிற்கும் தம்பி

தாடையில் மச்சம் இடது பக்கமா வலது பக்கமா என்று என் வீட்டுக்காரர் முன்னறையிலிருந்து கேட்டபோது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். யாருடைய தாடையில் என்று திருப்பிக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் மச்சம் உள்ளவன் ஒருத்தன்தான், அவன் இப்போது வீட்டில் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஆபரேஷன் ஆன முழங்காலை முக்காலிமேல் நீட்டிவைத்துக்கொண்டு, கையில் கேம் கன்ட்ரோலரோடு உட்கார்ந்திருந்தார். டிவி நிறைய ஒரு பையனின் முகம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மூக்கு ஏறக்குறைய வந்துவிட்டது. புருவம் அசல். "அவனுக்கு வலது பக்கம். நாம எதிர்ல நின்னு பார்த்தா இடது," என்றேன். அவர் ஒரு பட்டனை அழுத்தினார், மச்சம் வந்து ஒட்டிக்கொண்டது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஃபிரேமை முகத்தில் வைத்துப் பார்த்து, காதுக்குப் பின்னால் போகும் கம்பியைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுப்பது என் வேலை. இத்தனை வருஷத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் முகத்தை நான் பார்த்ததே இல்லை. எங்கள் பையனுக்கு இடது காது ஒரு நூல் கீழே இறங்கியிருக்கும். அதனால் அவன் எந்தக் கண்ணாடி போட்டாலும் ஒரு பக்கம் சாயும், நான்தான் நிமிர்த்திக் கொடுப்பேன். "காதைக் கொஞ்சம் கீழ இறக்குங்க, இடது காதை மட்டும்," என்றேன். அவர் தேடிப் பார்த்துவிட்டு, "ஒண்ணை மட்டும் இறக்க இதுல வழி இல்ல. இறக்கினா ரெண்டும் சேர்ந்துதான் இறங்குது," என்றார். அப்புறம் குரல் தேர்ந்தெடுக்கும் பக்கம் வந்தது. முரட்டுக் குரல், கீச்சுக் குரல், சிரிக்கிற குரல் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். எதுவும் அவன் குரல் இல்லை. கடைசியில் "குரல் வேண்டாம்" என்பதை அழுத்தினார். பெயர் கேட்டது. "தம்பி" என்று அடித்தார். வீட்டில் நாங்கள் அவனை அப்படித்தான் கூப்பிடுவோம், அண்ணனோ அக்காளோ இல்லாத தம்பி.

அந்த விளையாட்டில் ஒரு சத்திரம் உண்டு. கூட அழைத்துப் போக ஆள் வேண்டுமென்றால் அங்கே போகவேண்டும். ஆட்களில் இரண்டு வகை. ஒரு வகை கதை ஆட்கள். அவர்களுக்கென்று ஊர், உறவு, பழைய பகை எல்லாம் இருக்கும். வழியெல்லாம் பேசுவார்கள், ஒருத்தரோடு ஒருத்தர் சண்டை போடுவார்கள், நாம் செய்வது பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இன்னொரு வகை நாமே செய்துகொள்கிற ஆட்கள். முகம், பெயர், ஆயுதம் எல்லாம் நம் இஷ்டம். அவர்கள் எதுவும் கேட்கமாட்டார்கள், எங்கும் போகமாட்டார்கள். அந்த கேம் பெட்டி தம்பியுடையது. அவன் இங்கே இருந்தபோது கதை ஆட்களை மட்டும்தான் சேர்ப்பான். சோபாவில் படுத்துக்கொண்டு, "நாம கேட்காத பேச்செல்லாம் பேசுவாங்கம்மா, அதுக்குத்தானே விளையாடறது," என்பான்.

முழங்காலோடு வீட்டில் முடங்கிய புதிதில் இவரும் கதை ஆட்களோடுதான் கிளம்பினார். கேடயம் தூக்கும் ஒருவன் இருந்தான், நல்ல ஆள். வழியில் அகப்பட்ட கைதிகளை விடுவிக்காமல் இவர் தன் பாட்டுக்கு நடையைக் கட்டியதும், அவன் கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு, இனி என் வழி வேறு என்று சொல்லிப் போய்விட்டான். இவர் விளையாட்டைப் பழைய இடத்துக்குத் திருப்பிக்கொண்டு போய் மறுபடி முயன்றார். அப்போதும் கைதிகளை மட்டும் விடுவிக்கவில்லை. அவன் மறுபடியும் போனான். "நன்றி கெட்டவன்," என்று சொல்லிவிட்டு மற்ற கதை ஆட்களையும் சத்திரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார். அதில் ஒரு வைத்தியக்காரி, நரைத்த தலை, வெடுக்கென்று பேசுவாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. "அந்தம்மாவையாவது கூட வெச்சிருக்கலாம்ல," என்றேன். "வாய் ஜாஸ்தி," என்றார். அவளுக்குப் பதிலாக என்னைச் செய்தார். நானும் மருந்துப் பையை மாட்டிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் அவர் பின்னாலேயே போனேன். முப்பது வருஷ ஆசை அவருக்கு அங்கே நிறைவேறிவிட்டது என்று கடையில் சொல்லிச் சிரித்தேன்.

தன்னையும் செய்துகொண்டார், முழங்கால் நன்றாக இருக்கும் ஆளாக. அடுத்தது மீசை. மீசை என்று நாங்கள் கூப்பிடுகிறவர் இவரோடு ஒன்றாக வேலை பார்த்தவர். இருவரும் லிஃப்ட் மெக்கானிக்குகள். ஒரு கட்டிடத்தின் மேல் மாடியில், ஒரு நிமிஷ வேலைதானே என்று பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை மாட்டாமல் எட்டியவர் லிஃப்ட் குழிக்குள் விழுந்து போய்விட்டார். பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றது இவர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, தம்பி பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டானா என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசிக் கேட்டதில்லை. நான்காவது ஆளாகத்தான் தம்பி வந்தான்.

உண்மையான தம்பி வீட்டை விட்டுப் போனதற்கும் அந்தக் குழிக்கும் சம்பந்தம் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் அவன் அப்பாவின் கம்பெனியிலேயே சேர்ந்தான். முதலில் ஆபீசில் உட்கார்ந்து புகார் போன் எடுக்கும் வேலை. லிஃப்ட் நின்றுவிட்டது, கதவு திறக்கவில்லை என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும். கொஞ்ச நாளில் மெக்கானிக்குகளோடு வெளியே அனுப்புவார்கள் என்று காத்திருந்தான். அவனுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் போனை எடுத்துக்கொண்டே இருந்தான். தன்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்து மேலே மேலே பரீட்சை எழுதினான். ஒரு பிரிவு உபசார விருந்தில் சூப்பர்வைசர் அவன் தோளில் கைபோட்டு, "உங்கப்பா கேட்டுக்கிட்டாருப்பா, அதான் உன்னை மேல ஏத்தல," என்று பாசமாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து அவன் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "என்னை லாயக்கில்லாதவன்னு நானே நம்பற மாதிரி பண்ணிட்டீங்களேப்பா," என்றான். இவர், "உயிரோட இருக்கேல்ல," என்றார். அடுத்த மாதமே அவன் காற்றாலைக் கோபுரங்களில் ஏறிப் பழுது பார்க்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். லிஃப்ட் குழியைவிட உயரமான இடமாகப் பார்த்துத் தேடியிருக்கிறான். இரண்டு பேருக்கும் அன்றோடு பேச்சு நின்றது. நான் நடுவில் போஸ்ட்மேன்.

டிவியில் இருந்த தம்பியை இவர் எப்படி வைத்துக்கொண்டார் என்பதைச் சொல்லவேண்டும். வழியில் எதிரி தென்பட்டதும் எல்லாரையும் நிறுத்துவார். தம்பியை மட்டும் பின்னால் நடத்திக்கொண்டு போய் ஒரு சுவருக்கோ கதவுக்கோ பின்னால் நிற்கவைப்பார். அப்புறம் மீசையும் நானும் அவருமாகப் போய் அடித்துப் பிடித்துச் சண்டையை முடித்துவிட்டு வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போவோம். நாங்கள் வெட்டுப்பட்டு வருவோம், அவன் சட்டை கசங்காமல் நிற்பான். "எதுக்கு அவனைச் சும்மா இழுத்துட்டுத் திரியறீங்க," என்று கேட்டேன். "கூட இருக்கட்டும்," என்றார்.

கடைசிக் கோட்டையில் வந்து மாட்டிக்கொண்டார். அங்கே உள்ளே நுழைய நான்கு கற்கள், நான்கு பேரும் ஏறி நின்றால்தான் வாசல் திறக்கும். நுழைந்ததும் பின்னால் சாத்திக்கொள்ளும். உள்ளே ஒரு வட்டமான கூடம், மூலையும் இல்லை, தூணும் இல்லை. முதல் அடியிலேயே தம்பி விழுந்துவிடுவான். விழுந்த உடனே இவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பழைய இடத்துக்குத் திரும்புவார். மறுபடி நான்கு கற்கள், மறுபடி அவன் விழுவான். ஒரு வாரம் இதே வேலை. முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம்தான் தம்பி எனக்கு போன் செய்தான். அவனைக் கடலுக்குள் நிற்கும் கோபுரங்களுக்கு மாற்றிவிட்டார்களாம். அங்கே போனால் மாதக்கணக்கில் இருக்கவேண்டும், போன் கிடைப்பது கஷ்டம். கம்பளிச் சட்டைகளை எடுத்துக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவதாகவும், வேன் வந்து ஏற்றிக்கொள்ளும் என்றும் சொன்னான். "அப்பா இருப்பாரா?" என்றான். "இந்தக் காலை வெச்சுக்கிட்டு எங்க போவாரு," என்றேன். போனை வைத்ததும் எனக்கு ஒரே யோசனை. அவன் கடலுக்குள் போவதற்கு முன்னால் இவர் அவனிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசிவிடவேண்டும். மன்னிப்பெல்லாம் வேண்டாம். போய்ட்டு வாடா என்று ஒன்று போதும். இவரிடம் நேராகச் சொன்னால் முறுக்கிக்கொள்வார் என்று, "அந்தக் கோட்டை விஷயத்தை அவன்கிட்டயே கேளுங்களேன், அவன் முடிச்ச ஆட்டம்தானே," என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை முகச்சவரம் செய்துகொண்டார்.

தம்பி இளைத்திருந்தான். தோள் அகன்றிருந்தது, கழுத்து வரை வெயில் ஏறியிருந்தது, உள்ளங்கையில் காய்ப்பு. கண்ணாடி வழக்கம்போல ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாசலிலேயே அதைக் கழற்றி வாங்கி, கம்பியை வெந்நீரில் காட்டி வளைத்து மாட்டிவிட்டேன். குனிந்து காட்டினான், சின்ன வயதில் காட்டுவதுபோலவே. பை கட்டி முடித்து, டீ குடித்துவிட்டு, முன்னறையில் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். இருவரும் டிவியைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து இவர், டிவியைப் பார்த்தபடியே, "இந்த வாசல்ல நிக்குது," என்றார். பேச்சு நின்ற நாளிலிருந்து அவர் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை அது. நான் கதவோரம் அப்படியே நின்றுவிட்டேன்.

தம்பி கன்ட்ரோலரை வாங்கினான். ஆட்களின் பக்கத்தைத் திறந்தான். அப்பா, அம்மா, மீசை, நான்காவதாகத் தன் முகம். முதலில் சிரித்தான். "மூக்கு நல்லா வந்திருக்கு," என்றான். பிறகு அந்த முகத்துக்குக் கீழே இருந்த எண்ணைப் பார்த்தான். எங்கள் மூன்று பேருக்கும் பதினாலு, பதினைந்து என்று இருந்தது.

"இவன் ஏன்ப்பா இன்னும் ஒண்ணுலயே நிக்கறான்?"

"அவனைச் சண்டையில விடறதில்ல."

"பின்ன எங்க நிக்கறான்?"

"கதவுக்குப் பின்னாடி."

"எல்லாச் சண்டைக்குமா?"

"அவனுக்குக் கவசம் இல்ல. வெறும் சட்டைதான்."

"சண்டையில நின்னாத்தான்ப்பா லெவல் ஏறும். லெவல் ஏறினாத்தான் கவசம் போட முடியும்." குரலை உயர்த்தாமல், புகார் போனில் பதில் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னான்.

"தெரியும்," என்றார் இவர்.

தெரியும் என்ற அந்த ஒரு சொல் தம்பியை எங்கே போய்த் தொட்டது என்று அவன் முகத்தில் தெரிந்தது. அவன் அந்த நான்கு பேரையும் கோட்டையிலிருந்து திருப்பி, வந்த வழியெல்லாம் நடத்திக்கொண்டு சத்திரத்துக்குப் போனான். உள்ளே மூலை மேசையில் அந்த வைத்தியக்காரி இன்னும் உட்கார்ந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும், "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். மற்ற இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"இவனை வெச்சு அந்தக் கோட்டையைத் தாண்ட முடியாதுப்பா. இவனை அனுப்பிட்டு இந்தம்மாவைக் கூட்டிட்டுப் போங்க."

"எதுத்துப் பேசுவா."

"பேசட்டுமே," என்றான் தம்பி.

சத்திரக்காரனிடம் போய், தன் முகத்தைத் தேர்ந்தெடுத்து, அனுப்பும் இடத்தை அழுத்தினான். திரையில் ஒரு கேள்வி வந்தது. எனக்காக அவனே படித்துச் சொன்னான். செய்த ஆளை அனுப்பினால் திரும்பக் கூப்பிட முடியாது, அனுப்பலாமா வேண்டாமா என்று கேட்கிறதாம். அவன் அழுத்தியிருக்கலாம், கட்டைவிரல் அங்கேதான் இருந்தது. அழுத்தாமல் கன்ட்ரோலரை அப்பாவின் மடியில் வைத்தான். "நீங்களே அழுத்துங்கப்பா," என்றான். அவன் என்ன கேட்கிறான் என்று எனக்குப் புரிந்தது, இவருக்கும் புரிந்தது. இவர் கட்டைவிரல் பட்டன்மேல் போய் நின்றது. தெருவில் வேன் ஹாரன் அடித்தது. தம்பி எழுந்திருக்கவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஹாரன் மறுபடி அடித்தது, அப்புறம் நீளமாக ஒன்று.

"சரி," என்று எழுந்து பையை மாட்டிக்கொண்டான். "வரேன்ப்பா." இவர் தலையை ஆட்டினார், டிவியைப் பார்த்துத்தான் ஆட்டினார். தெருமுனை வரை நான் கூடப் போனேன். "குளிர்ல காதை மூடிக்கோ," என்று என்னவோ உளறினேன். "அவரு முடிக்கமாட்டாரும்மா. நீயாவது அந்த வைத்தியக்காரம்மாவைச் சேர்த்துவிடு," என்றான். வேன் கதவு சாத்திக்கொண்டது. வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு இவரைப் பிடிக்கவே இல்லை. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வெறுப்பு வந்ததில்லை. உள்ளே நுழைந்ததும் இவர் கேட்டார், "அங்க ரெண்டு கொக்கி குடுப்பாங்களாமா? ஒண்ணைக் கழட்டும்போது இன்னொண்ணு மாட்டியிருக்கணும்." நான், "பக்கத்துலதானே உக்காந்திருந்தான், கேட்டிருக்கலாமே," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நான் அனுப்பும் செய்திகளுக்கு ஒரு டிக்தான் விழுந்தது, இரண்டாவது விழவில்லை. கடைக்கு வருகிறவர்கள் முகத்தை அளக்கும்போதெல்லாம் இடது காது இறங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். கடை ரேடியோவில் கடலில் பலத்த காற்று என்று சொல்வார்கள், வழக்கமாகச் சொல்வதுதான், எனக்கு மட்டும் கை நின்றுவிடும். வீட்டில் டிவி இருட்டாகவே கிடந்தது. இவர் கன்ட்ரோலரைத் தொடவில்லை. கால் ஓரளவு சரியாகியும் வேலைக்குப் போகும் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய்க் கடையைச் சீக்கிரம் சாத்தினார்கள். வீட்டுக்கு வந்தேன். எங்கள் தெருவில் கரண்ட் இருந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்தது, இவர் நாற்காலியை இழுத்து அதன் முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்திரத்துக்கு வெளியே ஒரு மண்பாதை. ஆட்டத்தின் ஆரம்பத்தில், ஒன்றும் தெரியாதவர்கள் வரும் பாதை. தம்பி அதில் தனியாக நடந்துகொண்டிருந்தான்.

"நாங்கல்லாம் எங்க?" என்றேன்.

"சத்திரத்துல. உள்ள நிறுத்தியிருக்கேன்."

புதரிலிருந்து ஓநாய் ஒன்று வந்தது, சின்னது. முன்பெல்லாம் மீசை ஒரே வீச்சில் தள்ளிவிட்டுப் போகும் ஓநாய். ஒதுங்க அங்கே ஒரு பாறை இருந்தது. இவர் பார்வை அந்தப் பாறைக்குப் போய்த் திரும்பியதை நான் பார்த்தேன். தம்பியை நகர்த்தவில்லை. ஓநாய் பாய்ந்தது. அவன் தலைக்குமேல் உயிரைக் காட்டும் சிவப்புக் கோடு பாதியாகக் குறைந்தது. அவன் கத்தியை ஓங்கினான், தவறியது. மறுபடி ஓங்கினான். அடிபட்டால் கதை ஆட்கள் அலறுவார்கள், திட்டுவார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இவனுக்குக் குரல் வைக்கவில்லை. கடி விழுந்து அவன் உடம்பு மடங்கி நிமிர்ந்தது, வாய் மூடியே இருந்தது.

இவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். முகத்தை டிவிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். சிவப்புக் கோடு இன்னும் கொஞ்சம் குறைந்தது. அவர் கூட்டிக்கொண்டே போனார். அந்தப் பாதையில் அடிக்கும் காற்றின் சத்தம் மட்டும் ஏறி ஏறி, முன்னறையைத் தாண்டி, அவன் படுக்கும் அறை வரைக்கும் வீடு முழுக்கக் கேட்டது.